சுப்பர்நோவா எச்சமும் ஒளிப்படமும்: நண்டு நெபுலாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வானியல் ஒளிப்படங்களைக் காண்போர் பெரும்பாலும் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "இப்பொருள் உண்மையாகவே இவ்வண்ணந்தான் தோன்றுகின்றதா, அன்றிப் படம் பிடித்தவர் நிறந் தீட்டியுள்ளாரா?" என்பதே அது. வினா எளிமையானது. ஆயின் அதன் பின்னால் இரண்டு எடுகோள்கள் மறைந்துள்ளன. ஒளிப்படம் புறவுலகைத் தானாகவே பிரதிபலிக்கும் கண்ணாடி என்பது ஒன்று. மனிதக் கை பட்டவிடத்து உண்மை கெடும் என்பது மற்றையது. இவ்விரு எடுகோள்களும் இலக்கிய மாணவருக்குப் புதியனவல்ல. யதார்த்த இலக்கியம் பற்றிய விவாதங்களில் வாழ்வைப் 'படம் பிடித்தாற் போல' எழுதுதல் என்னுந் தொடர் பாராட்டாகவும் பழிப்பாகவும் வழங்கி வந்துள்ளது. படம் பிடித்தல் என்னும் செயல் யாது என்பதை ஆராயாமலே அத்தொடரை நாம் வழங்கி வந்துள்ளோம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வெடித்துச் சிதறிய விண்மீனொன்றின் எச்சத்தை, பெரிய அவதான நிலையங்களின் துணையின்றி, தனி ஆர்வலர் ஒருவர் கையாளத்தக்க கருவிகளைக்கொண்டு ஒளிப்படமாக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக நண்டு நெபுலா கொள்ளப்படுகின்றது. வானியல் ஒளிப்படம் உழைப்பின் விளைபொருள். அது உருவான முறை வெளிப்படையாகக் கூறப்படும்போதும், மற்றொரு காலத்துப் படத்தோடும் எழுத்துச் சான்றோடும் அது ஒப்பிடப்படும்போதுமே அது அறிவாகின்றது என்பது இவ்விளக்கத்தினூடே வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

பொருளும் அதன் பதிவும்

சூரியனைப்போல ஏறத்தாழ எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீன்கள் தம் வாழ்நாளின் இறுதியில் எரிபொருள் தீர, அவற்றின் மையப்பகுதி தன் ஈர்ப்பினாலேயே நொறுங்கி விழுகின்றது. மையம் பெரும்பாலும் நியூத்திரன் விண்மீனாக இறுகிவிட, வெளிப்படைகள் பெருவேகத்துடன் வீசியெறியப்படுகின்றன. சில கிழமைகளுக்கு அவ்வொரு விண்மீன் தான் சார்ந்த விண்மீன் மண்டலத்துக்கே ஈடாக ஒளிர்தலும் உண்டு. இதுவே சுப்பர்நோவா எனப்படுவது. ஒளி மங்கிய பின்னரும் வீசியெறியப்பட்ட வாயு பல்லாயிரம் ஆண்டுகள் விரிந்துகொண்டே செல்லும். அவ்வாறு விரியும் வாயுவே சுப்பர்நோவா எச்சம்.

1054ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, சீனத்தின் சொங் வம்ச அரசவையைச் சார்ந்த வானவதானிகள் இடப இராசியில் 'விருந்தாளி விண்மீன்' ஒன்று தோன்றியதாகப் பதிந்தனர். 23 நாட்கள் அது பகலிலும் தெரிந்தது. 1056ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை இரவில் வெறுங்கண்ணுக்குப் புலப்பட்டது. அப்பதிவைச் செய்தோர் அறிவுக்காக அறிவைத் தேடிய தனிமனிதரல்லர், அரசின் ஊழியர். வானத்துக் குறிகளை அரசனின் ஆட்சியோடு பொருத்திக் கூறுவது அவர்தம் கடமை. நாட்காட்டி அதிகாரியான யாங் வெய்தே புதிய விண்மீனைப் பேரரசுக்கு நற்குறியாக விளக்கி அறிக்கை சமர்ப்பித்தார். விளக்கம் ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை சார்ந்தது. ஆனால் அவதானம் புறநிலையானது. ஒரே வாசகத்தினுள் இவை இரண்டும் பிணைந்து கிடக்கலாம் என்பதைப் பழைய இலக்கியங்களைப் பயில்வோர் நன்கறிவர். யப்பானியக் கவிஞர் புஜிவாரா நோ தெய்கா இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் எழுதிய நாட்குறிப்பிலும் இவ்விண்மீன் பற்றிய செய்தி இடம்பெற்றுள்ளது.

அவ்விண்மீன் மறைந்த இடத்தில் 1731இல் ஜோன் பெவிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் மங்கலான ஒளித்திட்டொன்றைக் கண்டார். 1758இல் வால்வெள்ளி ஒன்றைத் தொடர்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் சார்ள்ஸ் மெசியே இதனைத் தாமாகவே மீண்டுங் கண்டு, பின்னர் தம் பட்டியலின் முதலாவது பொருளாகச் சேர்த்தார். 1054ஆம் ஆண்டின் விண்மீனுக்கும் இத்திட்டுக்கும் தொடர்புண்டு என்பதை இவ்விருவருள் எவரும் அறிந்திலர்.

கருவி யாருடையது?

இத்திட்டுக்கு நண்டு என்னும் பெயர் வந்த வரலாறே நம் வினாவுக்கு ஒரு விடையாகும். அயர்லாந்தின் பிர் என்னுமிடத்து நிலக்கிழாரான ரொஸ் பிரபு, 36 அங்குல ஆடியுடைய தொலைகாட்டியினூடே கண்டதை வரைந்து 1844இல் வெளியிட்டார். அவ்வரைபடத்தில் கால்கள் நீண்ட ஓர் உயிரியை ஒத்த உருவம் அமைந்தது. பின்னர் 72 அங்குல ஆடியுடைய பெருந்தொலைகாட்டியால் நோக்கியபோது அத்தோற்றம் கிட்டவில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெருந்தொலைகாட்டி 1845இல் நிறைவுற்ற அதே ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. அவதானப் பணிகளும் தடைப்பட்டன. நிலவாடகையில் தங்கிய செல்வமும், அச்செல்வம் தரும் ஓய்வும், அவற்றின் அடித்தளமான வேளாண்மையும் எவ்வாறு ஒன்றோடொன்று கட்டுண்டிருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒளிப்படக்கலை வானியலுட் புகுந்தபோதும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1880இல் ஓரியன் நெபுலாவை 51 நிமிட ஒளியேற்றத்தால் முதன்முதற் படமாக்கிய ஹென்றி ட்ரேப்பர் நியூயோர்க்கின் வசதிமிக்க மருத்துவர். 1883இல் அதே நெபுலாவைப் படமாக்கி, தொலைகாட்டியினூடே கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் தகட்டிற் பதியும் என்று காட்டிய ஏ. ஏ. கொமன் சுகாதாரப் பொறியியலாளர். எமது தீவுடன் தொடர்புடைய எடுத்துக்காட்டொன்றும் உண்டு. கொழும்பிற் பிறந்த பிரித்தானியப் படையதிகாரி பேர்சி மோல்ஸ்வேர்த், திருகோணமலையிலிருந்து வியாழனை ஆராய்ந்து, 1901இல் அதன் தென்பகுதியில் எழுந்த பெருங்குழப்பத்தைக் கண்டறிந்தவர். அவருடைய அவதானத் திறமை ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அத்திறமை வெளிப்படுவதற்குரிய ஓய்வும் தொலைகாட்டியும் குடியேற்ற ஆட்சியின் அதிகாரி ஒருவருக்கே வாய்த்தன என்பதும் அவ்வாறே ஐயத்துக்கிடமற்றது.

இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் அசையத் தொடங்கியது. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்துச் ஸ்பிறிங்பீல்ட் நகரில், 1920ஆம் ஆண்டில், ரஸல் போர்ட்டர் என்பவர் தொலைகாட்டி ஆடிகளைக் கையாற் தேய்த்து உருவாக்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். அங்குச் சேர்ந்தோரிற் பெரும்பாலார் அந்நகரத்து இயந்திரத் தொழிற்சாலையின் ஊழியர்கள். உலோகத்தை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் திருத்தமாகக் கடையப் பழகிய கைகள், கண்ணாடியை அதனினும் நுட்பமாகத் தேய்க்கக் கற்றுக்கொண்டன. தொலைகாட்டியை விலைகொடுத்து வாங்கமுடியாதவர் அதனைத் தாமே உற்பத்தி செய்யலாம் என்பது அங்கு நிறுவப்பட்டது. இன்று ஆர்வலர் எனப்படுவோரின் வரலாறு செல்வரின் பொழுதுபோக்கிலிருந்து மட்டும் தோன்றியதன்று. தொழிலாளரின் கைத்திறனிலிருந்தும் தோன்றியது.

ஒளியைத் தேக்குதல்

நண்டு நெபுலா எமது வானில் நன்கு உயர்ந்து செல்லும் பொருள். அது வான நடுக்கோட்டிலிருந்து 22 பாகை வடக்கே உள்ளது. ஆகவே பேராதனையிலிருந்து நோக்குமிடத்து உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை தொலைவிலே கடந்து செல்லும். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த மாசி மாதத்தில் இரவு எட்டு மணியளவில் அது மிக உயரத்தில் நிற்கும். இடபத்தின் கொம்பு நுனியாகக் கருதப்படும் விண்மீனுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் அதனைத் தேடவேண்டும். அதன் தோற்ற நீளம் முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

சிறிய தொலைகாட்டியினூடே கண்ணால் நோக்குவோருக்கு ஏமாற்றமே கிட்டும். நிறமற்ற, விளிம்பற்ற, சாம்பல் படர்ந்தாற் போன்ற ஒரு திட்டு தெரியும், அவ்வளவே. இதற்குக் காரணம் நெபுலாவன்று, கண். மனிதக் கண் ஒளியைச் செக்கனின் சிறு பங்குக்கு மேல் தேக்கிவைப்பதில்லை. மங்கிய ஒளியில் நிறத்தை உணரும் கலங்கள் தொழிற்படுவதுமில்லை. எனவே 'கண்ணுக்குத் தெரிவதே உண்மை' என்ற அளவுகோலை இங்குப் பயன்படுத்தினால், நண்டு நெபுலாவுக்கு நிறமே இல்லை என்று முடிவுகட்ட நேரிடும். ஒளிப்படத்தின் பணி கண்ணைப் போலச் செய்தல் அன்று. கண்ணால் இயலாததைச் செய்தலே.

200 மில்லிமீற்றர் விட்டமும் 1000 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடைய தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று ஆர்வலர் பலர் கையாளும் அளவு இதுவே. இதனோடு இணைக்கப்படும் கமெராவின் ஒளியுணரியிலுள்ள படப்புள்ளி ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 3.76 பங்கு எனின், ஒவ்வொரு படப்புள்ளியும் வானில் ஏறத்தாழ 0.78 விற்செக்கன் அகலத்தைப் பதியும். விற்செக்கன் என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. புவியின் சுழற்சியால் வானம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 15 விற்செக்கன் நகர்கின்றது. அதாவது தொலைகாட்டி அசையாது நின்றால், ஒரு செக்கனுக்குள் விண்மீன் ஏறத்தாழ 19 படப்புள்ளி நீளக் கோடாகிவிடும். ஆகவே வானியல் ஒளிப்படத்துக்கு இன்றியமையாத கருவி தொலைகாட்டியன்று, அதனைத் தாங்கிச் சுழற்றும் தாங்கியே எனலாம். அதன் அச்சு புவியின் அச்சுக்குச் சமாந்தரமாக அமையவேண்டும். வடதுருவ விண்மீன் எம் நாட்டில் அடிவானுக்கு மேல் 6 முதல் 10 பாகை வரையிலேயே நிற்பதால், மரங்களும் கட்டடங்களும் அதனை மறைத்துவிடுதல் இயல்பு. எனவே வேறு விண்மீன்கள் எத்திசையில் விலகிச் செல்கின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தும் முறையே இங்கு ஏற்றது. எஞ்சும் பிழையை, அருகிலுள்ள விண்மீனொன்றை இரண்டாவது சிறு கமெராவால் இடையறாது கண்காணித்துத் தாங்கி திருத்திக்கொள்ளும்.

ஒளியேற்றம் ஒரே நீளமாகச் செய்யப்படுவதில்லை. மூன்று நிமிடப் படங்கள் 100 எடுக்கப்படின் ஐந்து மணித்தியால ஒளி சேரும். அவை கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சராசரியாக்கப்படுகின்றன. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்பது நெபுலாவின் ஒளி. படத்துக்குப் படம் மாறுவது இரைச்சல். படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே தெளிவு கூடும் என்பதனால், 100 படங்கள் தரும் தெளிவு ஒரு படத்தினதைப் போல 100 மடங்கன்று, 10 மடங்கே. தெளிவை இரட்டிக்க வேண்டின் உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் பணியை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமானதன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கின், ஓர் ஏட்டில் மட்டும் காணப்படும் பிழை எளிதில் தெரிந்துவிடும். ஒரு படத்தில் மட்டும் ஓடும் செயற்கைக் கோளின் கோடும் அவ்வாறே நீக்கப்படுகின்றது. ஆனால் எல்லா ஏடுகளும் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டனவாயின், மூலத்தின் பிழை எல்லாவற்றிலும் இருக்கும். பெரும்பான்மை அதனைக் காட்டிக்கொடாது. கமெராவிலும் இத்தகைய பிழைகள் உண்டு. ஒளியுணரியில் சில புள்ளிகள் ஒளியின்றியே ஒளிர்வன. கண்ணாடியிற் படிந்த தூசு ஒவ்வொரு படத்திலும் நிழல் வீழ்த்தும். தொலைகாட்டியை மூடி அதே நேர அளவில் எடுக்கப்படும் இருட்படங்கள் முதலாவதை இனங்காட்டும். சீரான வெள்ளொளியை நோக்கி எடுக்கப்படும் படங்கள் இரண்டாவதை இனங்காட்டும். ஒவ்வொரு படத்துக்குமிடையே தொலைகாட்டியைச் சில படப்புள்ளிகள் நகர்த்தி வைப்பதும் வழக்கம். இவ்வாறு வானத்துக்குரியது எது, கருவிக்குரியது எது எனப் பிரித்தறிதலே செய்முறையின் சாரம். மனிதக் கை இங்கு உண்மையைக் கெடுக்கவில்லை. கை படாவிடின் உண்மை வெளிப்படுவதேயில்லை.

நிறத்தின் பொருள்

இனி நிறத்துக்கு வருவோம். நண்டு நெபுலா ஒரே தன்மைத்தான பொருளன்று. வெளியே நூல்போற் பின்னிக்கிடக்கும் இழைகள் உள்ளன. உள்ளே இழையற்ற, நீலஞ்சார்ந்த, சீரான ஒளி பரந்துள்ளது. இவ்விரண்டையும் வெவ்வேறு தகடுகளாலும் ஒளிவடிகட்டிகளாலும் பிரித்துக் காட்டியவர் வால்டர் பாடே. 1942இல் அவ்வாய்வு வெளிவந்தது. ஆர்வலர் இன்று செய்வதும் அடிப்படையில் அதுவே. இழைகளின் வாயு குறித்த சில அலைநீளங்களில் மட்டும் ஒளிர்கின்றது. ஐதரசன் 656.3 நனோமீற்றரிலும், அயனாகிய ஒட்சிசன் 500.7 நனோமீற்றரிலும், அயனாகிய கந்தகம் 671.6, 673.1 நனோமீற்றர்களிலும் செறிவாக ஒளிவீசும். இவ்வலைநீளங்களை மட்டும் விடும் வடிகட்டிகளைப் பயன்படுத்தின் நகர விளக்குகளின் ஒளி பெருமளவு தடுக்கப்பட்டு, இழைகள் கூர்மையாகத் தோன்றும்.

ஐதரசனும் கந்தகமும் தருவது ஏறத்தாழ ஒரே சிவப்பு. அவற்றை அப்படியே வைத்தால் இரு வாயுக்களும் எங்கெங்குள்ளன என்பது தெரியாது. எனவே கந்தகத்துக்குச் சிவப்பும் ஐதரசனுக்குப் பச்சையும் ஒட்சிசனுக்கு நீலமும் வழங்குதல் ஒரு வழக்கு. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்களால் இது பரவலாயிற்று. இதனைப் 'பொய் நிறம்' என்போர், புவிப்படத்தில் மலைநாட்டைக் கபிலமாகவும் தாழ்நிலத்தைப் பச்சையாகவும் தீட்டுதலையும் பொய் என்றே கூறவேண்டும். குறியீட்டின் திறவுகோல் வாசகனுக்குக் கொடுக்கப்பட்டதா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. கொடுக்கப்படின் அது அறிவு; மறைக்கப்படின் வெறும் அலங்காரம்.

ஆனால் இவ்வடிகட்டிகள் ஓர் இழப்பையும் விளைவிக்கின்றன. உள்ளேயுள்ள நீலஞ்சார்ந்த ஒளி எவ்வலைநீளத்திலும் செறிந்து நில்லாது எல்லாவற்றிலும் பரந்திருப்பது. குறுகிய வடிகட்டி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இழைகளின் உண்மையைத் தெரிந்தெடுப்பவர் உட்பகுதியின் உண்மையைக் கைவிடுகின்றார். அப்பகுதியே அறிவியல் வரலாற்றில் மிகமுக்கியமானது. அவ்வொளி சூடான வாயுவிலிருந்து வருவதன்று. காந்தப்புலத்தில் ஒளியின் வேகத்தை அண்மித்துச் சுழலும் இலத்திரன்களிலிருந்து வருவது என்று சோவியத் வானியலாளர் யோசிப் ஷ்க்லோவ்ஸ்கி 1953இல் விளக்கினார். அஃதுண்மையாயின் அவ்வொளி முனைவாக்கப்பட்டிருத்தல் வேண்டும்; அதாவது அதன் அதிர்வு ஒரு திசையைச் சார்ந்திருத்தல் வேண்டும். 1954இல் சோவியத் அவதானிகளான டொம்புறோவ்ஸ்கியும் வஷகீட்சேயும் அவ்வாறே இருக்கக் கண்டனர். இலத்திரன்களுக்குச் சக்தியூட்டும் மூலம் 1968இல் அறியப்பட்டது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் பல்சார். வெடித்த விண்மீனின் மையமே அது. படத்தின் நடுவில் அருகருகே தோன்றும் இரு விண்மீன்களுள் தென்மேற்கிலுள்ளது அதுவாகும்.

முனைவாக்கம் காணப் பேரவதான நிலையம் வேண்டுவதில்லை. சாதாரண முனைவாக்கி வடிகட்டி ஒன்றைக் கமெராவின் முன் பொருத்தி, 0, 60, 120 பாகைகளில் திருப்பி மூன்று தொகுதிப் படங்கள் எடுப்பின், நெபுலாவின் உட்பகுதி ஒவ்வொன்றிலும் வேறுவிதமாக ஒளிர்ந்தும் மங்கியும் தோன்றும். சூழவுள்ள விண்மீன்களில் அத்தகைய மாற்றம் புலப்படாது. 1950களில் உலக வானியலின் முன்னணி விவாதமாக இருந்த ஒன்றை, வீட்டு முற்றத்தில் நின்று ஒருவர் தாமே சரிபார்க்கலாம்.

இரு படங்களும் ஒரு வாசகமும்

தனிப்படம் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அது அசையாத பொருளையே காட்டும். நண்டு நெபுலாவின் உண்மையோ அசைவிலேயே உள்ளது. 1921இல் ஜோன் டங்கன், மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தில் பதினொன்றரை ஆண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட தகடுகளை ஒப்பிட்டு, இழைகள் மையத்திலிருந்து வெளிநோக்கி நகர்ந்துள்ளமையைக் கண்டார். 1928இல் எட்வின் ஹபிள், அவ்விரிவைப் பின்னோக்கிக் கணித்தால் ஏறத்தாழ 900 ஆண்டுகள் வருமென்றும், அவ்விடத்தில் சீனர் பதிந்த 1054ஆம் ஆண்டின் விண்மீனே இதன் தோற்றுவாயாகலாமென்றும் எடுத்துரைத்தார். படமே வாசகத்தைத் தேடிக் கண்டுபிடித்தது எனலாம்.

இவ்வளவீட்டை ஆர்வலரும் செய்யலாம், செய்துமிருக்கின்றனர். பத்தாண்டு இடைவெளியில் எடுத்த படங்களை அடுத்தடுத்துக் காட்டி நெபுலா விரிவதை அவர்கள் கண்கூடாக்கியுள்ளனர். கணக்கும் எளியது. மையத்திலிருந்து 180 விற்செக்கன் தொலைவிலுள்ள இழைமுடிச்சொன்று பத்தாண்டில் 2 விற்செக்கன் நகருமாயின், 180ஐ 2ஆல் வகுத்துப் பத்தாற் பெருக்க 900 ஆண்டு கிடைக்கும். மேற்கூறிய தொலைகாட்டியில் அந்நகர்வு இரண்டரைப் படப்புள்ளி, அளக்கத்தக்கதே.

ஆனால் திருத்தமாக அளந்தவர்களுக்கு ஒரு முரண்பாடு காத்திருந்தது. 1968இல் வேர்ஜீனியா ட்ரிம்பிள் பல தகடுகளில் இழைகளை நுணுகி அளந்தபோது, விரிவு தொடங்கிய ஆண்டு ஏறத்தாழ 1140 எனக் கிடைத்தது. பிந்திய அளவீடுகளும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையே சுட்டின. வெடிப்போ 1054இல் நிகழ்ந்தது. வெடித்துச் சிதறிய பொருள் காலப்போக்கில் வேகங்குறைவதே இயல்பு. அவ்வாறாயின் கணிப்பு 1054க்கு முந்திய ஆண்டையே தரவேண்டும். பிந்திய ஆண்டு கிடைப்பதன் பொருள், இழைகள் தொடக்கத்தினும் இன்று விரைவாகச் செல்கின்றன என்பதே. பல்சாரிலிருந்து பாயும் சக்தி அவற்றை உள்ளிருந்து தள்ளுகின்றது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் நாம் ஆண்டைப் பிழையாகக் கூறியிருப்போம். வாசகத்தை மட்டும் நம்பியிருந்தால் இவ்வேகவளர்ச்சியை அறிந்திருக்கமாட்டோம். இரண்டும் முரண்பட்ட இடத்திலேயே புதிய அறிவு பிறந்தது.

வாசகமும் பிழையற்றதன்று. விருந்தாளி விண்மீன் கொம்புநுனி விண்மீனுக்குத் தென்கிழக்கே தோன்றியதாகச் சீனப் பதிவு கூறுகின்றது. நெபுலாவோ அதன் வடமேற்கே உள்ளது. ஆகவே அரசவை வாசகத்தை அப்படியே ஏற்பதும் இயலாது, ஒதுக்கிவிடுவதும் இயலாது. காலமும் இடமும் பிற சான்றுகளும் கொண்டு அது திறனாயப்பட வேண்டும். வானியலாளர் இவ்விடத்தில் மூலபாடத் திறனாய்வாளராகின்றார்.

ஆர்வலர் இங்கு எதிர்நோக்கும் எல்லையையுங் கூறுதல் நேர்மையாகும். 1054ஐயும் 1130ஐயும் பிரித்தறிய, மேற்படி இழைமுடிச்சில் பத்தாண்டுக்கு வரும் வேறுபாடு ஏறத்தாழ ஆறில் ஒரு விற்செக்கன். ஒரு படப்புள்ளியின் ஐந்திலொரு பங்கு. ஒரு முடிச்சை அளந்து அதனை நிறுவமுடியாது. பல்வேறு முடிச்சுகளை அளந்து சராசரி காணவேண்டும். இடைவெளி இருபது முப்பது ஆண்டாக நீளவேண்டும். தனிமனித ஆயுளில் கணிசமான பகுதி அது. எனவே இது தனியார்வத்தைவிட, ஒருவர் எடுத்த படத்தை மற்றொருவர் தொடர்ந்து பயன்படுத்தும் கூட்டு முயற்சிக்கே பொருத்தமானது. முதலாவது படத்தை எடுப்பவர் இரண்டாவதன் பயனை அனுபவிப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இன்றைய நிலை

ஆர்வலரின் பணி பேரவதான நிலையங்களின் நிழலில் நிகழும் பொழுதுபோக்கே என்போருக்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் விடையளிக்கின்றன. 2016ஆம் ஆண்டு செத்தெம்பர் 20ஆந் திகதி, ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரில், பூட்டுத் தொழிலாளியான விக்டர் பூசோ புதிய கமெராவொன்றைப் பரிசோதிக்கும் பொருட்டு 40 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் என்.ஜீ.சி. 613 என்னும் விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்தார். ஒரு விண்மீன் வெடித்து அதன் முதலொளி வெளிப்படும் கணம் அப்படங்களிற் பதிந்தது. பேரறிஞர் பலர் தேடியும் எளிதிற் கிட்டாத கணம் அது. 2022இல் பிரான்ஸ், ஜேர்மனி நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர், 106 மில்லிமீற்றர் தொலைகாட்டியில் நூறு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒளியைத் திரட்டி, அன்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தருகே எவரும் அறியாதிருந்த ஒட்சிசன் வில்லொன்றைக் கண்டறிந்தனர். ஆடியின் அகலத்தால் ஈடுசெய்ய இயலாததைக் காலத்தால் ஈடுசெய்யலாம் என்பதற்கு இது சான்று. பெருந்தொலைகாட்டிகளின் நேரம் மணிக்கணக்கிற் பங்கிடப்படுவது. ஒரே திட்டில் நூறு மணி நேரத்தைச் செலவிட அவற்றுக்கு எளிதில் இயலாது.

எனினும் இதனை மிகைப்படுத்தல் கூடாது. காலம் என்பது ஓய்வுநேரம். ஓய்வுநேரம் எல்லோருக்கும் ஒரே அளவிற் பங்கிடப்பட்டதன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின், மேலே விவரித்த தாங்கியும் கமெராவும் எமது பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அவை எட்டாதவை. ஸ்பிறிங்பீல்ட் ஊழியர் தம் ஆடியைத் தாமே தேய்த்தனர். ஒளியுணரியை எவரும் வீட்டிற் செய்துவிட முடியாது. பாடசாலைகளும் பல்கலைக்கழகச் சங்கங்களும் கருவிகளைப் பொதுவில் வாங்கிப் பொதுவிற் பயன்படுத்துவதே நடைமுறைச் சாத்தியமான வழியாகத் தோன்றுகின்றது.

வேறிரு இடர்களும் உள. ஒன்று வானத்திலே. 2019ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஒரே தனியார் நிறுவனம் ஆயிரக்கணக்கான இணையத் தொடர்புச் செயற்கைக் கோள்களைப் புவியைச் சுற்றி நிறுத்தியுள்ளது. பிற நிறுவனங்களும் அவ்வழியிற் செல்கின்றன. அவற்றின் கோடுகளைக் கணினி நீக்கலாம் என்பது மெய்யே. ஆனால் எவருக்கும் உரித்தாகாதிருந்த வானம் எவருடைய இசைவுமின்றிச் சிலருடைய களமாகின்றது என்பதைக் கணினி நீக்கிவிட இயலாது.

மற்றைய இடர் படத்தினுள்ளே. செயற்கை நுண்ணறிவு சார்ந்த மென்பொருள்கள் மங்கிய படத்தைக் கூர்மையாக்கித் தருகின்றன. அவை வேறு படங்களிற் கற்ற வடிவங்களைக்கொண்டு, இங்கு என்ன இருக்கக்கூடும் என ஊகித்து இழைகளை வரைதலும் உண்டு. கந்தகத்துக்குச் சிவப்பைத் தீட்டியவர் அதனைச் சொல்லிவிடலாம். நாம் அதனை மீட்டுணரலாம். ஊகித்து வரையப்பட்ட இழை எது, ஒளியால் வரையப்பட்ட இழை எது என்பதை இங்குப் பயன்படுத்துபவரே அறியார். இருபதாண்டுகளின் பின் அப்படத்தை எடுத்து அளப்பவர், வானில் இல்லாத முடிச்சொன்றின் நகர்வை அளக்க நேரிடும். ரொஸ் பிரபுவின் நண்டு மீண்டும் பிறக்கும். ஆயின் இம்முறை அது கைவரைபடம் என்று எவருக்கும் தெரியாது. ஆகையால் செப்பனிடப்படாத மூலப்படங்களைப் பேணிவைத்தலும், செய்முறையை ஒளியேற்ற நேரம் முதலாக எழுதிவைத்தலும் ஆர்வலரின் முதற்கடமைகளாம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். நண்டு நெபுலா படத்திலுள்ளவாறு எவர் கண்ணுக்கும் தோன்றுவதில்லை. அதனால் படம் பொய்யாகிவிடவில்லை. சொங் அரசவையின் ஊழியர், ஆடி தேய்த்த தொழிலாளர், தகடுகளை அளந்த ஆய்வாளர், ஐந்து மணித்தியாலம் குளிரில் விழித்திருந்த ஆர்வலர் ஆகிய பலரின் உழைப்பு அதனுட் படிந்துள்ளது. அவ்வுழைப்பை மறைக்கும் படம் எத்துணை அழகாயினும் நம்மை ஏமாற்றும். அதனை வெளிப்படுத்தும் படத்தை நாம் வாசிக்கலாம், ஐயுறலாம், திருத்தலாம். நமக்குப் பின் வருவோர் அதனோடு தம் படத்தை ஒப்பிடவும் செய்வர்.